கொலனோஸ்கோபியில் நார்மல், பயாப்ஸியில் அழற்சி: குடல் ஆறிவிட்டதா, இல்லையா?

கோரையாறு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். தம்பிக்காக எழுதுகிறேன். முப்பதைத் தாண்டியவன், விவசாயம் பார்க்கிறான். அல்சரேட்டிவ் கொலைடிஸ், பெருங்குடலின் உள்பரப்பில் அழற்சியும் புண்ணும் வரும் நோய். முதலில் ரத்தம் போனபோது மூலம் என்று நினைத்துக் கருணைக்கிழங்கும் லேகியமுமாகக் கொஞ்ச காலம் ஓடியது. அப்புறம் தஞ்சாவூரில் கொலனோஸ்கோபி (கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்துதான் நோய் பிடிபட்டது. குடல் அழற்சியை அடக்க மெசலமின், உடம்பின் எதிர்ப்பை மட்டுப்படுத்த அசதயோபிரின் என்று இரண்டு மாத்திரையும் சாப்பிடுகிறான். இப்போது ரத்தம் இல்லை. கொல்லைக்குப் போவதும் காலையில் ஒரு தடவை, சில நாள் இரண்டு தடவை, அவ்வளவுதான்.

அண்மையில் மறுபடி கொலனோஸ்கோபி செய்தோம். ரிப்போர்ட்டில் 'சளிச்சவ்வு இயல்பாக உள்ளது, மேயோ 0' என்று இருந்தது (மேயோ என்பது ஸ்கோப்பில் தெரியும் அழற்சிக்குத் தரும் மதிப்பெண்ணாம்). வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு வாரம் கழித்து பயாப்ஸி, அதாவது கிள்ளி எடுத்த சதையின் சோதனை முடிவு, வந்தது. மலக்குடலிலும் அதற்கு மேலே சிக்மாய்டு பகுதியிலும் எடுத்த சதையில் 'லேசான அழற்சி இன்னும் இருக்கிறது, சுரப்பிகளுக்குள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் உள்ளன' என்று எழுதியிருக்கிறார்கள்.

டாக்டர் பயப்பட வேண்டாம் என்றார். "சாதாரண வெள்ளை வெளிச்சத்தில் தெரியாதது சில சமயம் நவீன ஒளி உள்ள ஸ்கோப்பில் தெரியும். முடிந்தால் பெரிய ஊரில் ஒருமுறை பாருங்கள், அவசரமில்லை" என்றும் சொன்னார். தம்பியோ, ஸ்கோப்பே நார்மல், உடம்பும் நன்றாக இருக்கிறது, மாத்திரையை நிறுத்திவிடுகிறேன் என்கிறான். மேட்டூர் திறந்தாகிவிட்டது, குறுவை வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. இந்த நேரத்தில் சென்னைக்கு வா என்றால் அவன் வரமாட்டான்.

அந்த நவீன ஒளி என்பது என்ன? அதற்காக அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா?

ஸ்கோப்ரூம் எழுதியது:

அக்கா, நான் எண்டோஸ்கோபி டெக்னீஷியன். டெல்டாவிலும் திருச்சியிலுமாக வேலை பார்த்திருக்கிறேன். மருத்துவ முடிவை டாக்டர்கள் சொல்லட்டும், மெஷினைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஸ்கோப்பின் கைப்பிடியில் சில பட்டன்கள் இருக்கும். அதில் ஒன்றை அழுத்தினால் வெளிச்சம் மாறும். ஒலிம்பஸ் கம்பெனி மெஷினில் இதற்கு என்.பி.ஐ. என்று பெயர். வெள்ளை ஒளிக்குப் பதிலாக 415, 540 நானோமீட்டர் அலைநீளம் உள்ள நீல, பச்சை ஒளி மட்டும் போகும். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் இந்த இரண்டையும் நன்றாக உறிஞ்சுவதால் ரத்தக்குழாய்கள் எடுப்பாகத் தெரியும். மேலாக ஓடும் நுண்குழாய்கள் பழுப்பு நிறம், கொஞ்சம் ஆழத்தில் ஓடுபவை நீலப்பச்சை. புஜிஃபிலிமில் பி.எல்.ஐ., எல்.சி.ஐ. என்று இரண்டு முறைகள் உண்டு. இதில் எல்.சி.ஐ. சிவப்பை இன்னும் சிவப்பாகவும் வெளிறியதை இன்னும் வெளிறியதாகவும் பிரித்துக் காட்டும், அதனால் லேசான அழற்சிகூடக் கண்ணில் படும். பென்டாக்ஸின் ஐ-ஸ்கேன் முக்கியமாகப் படத்தைக் கணினியில் மாற்றித் தருவது. மூன்றுக்குமே சாயம் எதுவும் தெளிக்க வேண்டியதில்லை.

முக்கியமான சேதி ஒன்று. நான் வேலை பார்த்த இடங்களில் கடந்த சில வருடங்களில் வாங்கிய மெஷின் எல்லாவற்றிலும் இந்த மாதிரி பட்டன் ஏதோ ஒன்று இருந்தது. பாலிப் (குடலுக்குள் முளைக்கும் சதை) பார்க்கும்போது டாக்டர்கள் அழுத்துவார்கள். கொலைடிஸ் நோயாளிக்கு எல்லோரும் அழுத்துவதில்லை. அதனால் சென்னைக்கு டிக்கெட் போடுவதற்கு முன்னால், தம்பிக்குச் செய்த மெஷினிலேயே அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்று, குடல் சுத்தம். என்.பி.ஐ. ஒளியில் மிச்சமிருக்கும் மலத்தண்ணீர் ரத்தம் மாதிரி சிவப்பாகத் தெரியும். பேதி மருந்தைப் பாதி குடித்துவிட்டு மீதியை வாழை மரத்துக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. அப்படி வந்தால் எந்த ஒளியைப் போட்டும் பிரயோஜனம் இல்லை, டாக்டர் கழுவிக் கழுவியே களைத்துப் போவார்.

கடைமடைக்காரன் எழுதியது:

நான் வேதாரண்யம் பக்கம். எனக்கும் இதே நோய்தான். சொல்கிறேன் என்று தப்பாக நினைக்க வேண்டாம், நம்மிடம் செலவு வைப்பதற்கு இது இன்னொரு வழியாகத் தெரிகிறது. உடம்பு நன்றாக இருக்கிறது, ரத்தம் இல்லை, ஸ்கோப் நார்மல். அதற்கு மேல் எதற்குக் கிண்டிப் பார்க்க வேண்டும்? கூலி வேலைக்குப் போகிறவன் ஒருநாள் லீவு போட்டால் அன்றைக்குச் சோறு இல்லை. சென்னை போய் வர வண்டிச் செலவு, கூட வருகிற ஆளுக்கு நஷ்டம், தங்குகிற செலவு. யார் தருவார்கள்?

குடல்நலம் எழுதியது:

நான் குடல், கல்லீரல் மருத்துவர். கடைமடைக்காரர் கேட்பது நியாயமான கேள்வி. டெல்டாவிலிருந்து வரும் நோயாளிகளிடம் இதை அடிக்கடி கேட்கிறேன். ஆனால் 'அதற்கு மேல் எதற்கு' என்பதற்குப் பதில் இருக்கிறது.

இந்த நோயில் மூன்று விஷயங்கள் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை. முதலில் தொந்தரவு அடங்கும். அப்புறம் கண்ணால் பார்க்கும் புண் ஆறும். கடைசியில்தான் மைக்ரோஸ்கோப்பில் தெரியும் அழற்சி போகும், சிலருக்கு அது போகாமலே நிற்கும். இது இன்று நேற்று தெரிந்ததல்ல. ஆக்ஸ்போர்டில் ட்ரூலவ், ரிச்சர்ட்ஸ் இருவரும் 1956-லேயே, கண்ணுக்கு இயல்பாகத் தெரிந்த குடலிலும் பயாப்ஸியில் அழற்சி இருப்பதைக் காட்டிவிட்டார்கள். அப்படி அழற்சி மிச்சம் உள்ளவர்களுக்கு, முழுக்க ஆறியவர்களைவிட நோய் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். கோரையாறு தம்பி இப்போது நிற்கும் இடம் இதுதான். மாத்திரையை நிறுத்த இதைவிட மோசமான நேரம் கிடையாது. இதைத் தம்பியிடம் அழுத்திச் சொல்லுங்கள் அம்மா.

மேயோ மதிப்பெண் 0 முதல் 3 வரை. 0 என்றால் இயல்பு அல்லது ஆறிய நிலை. 1 என்றால் லேசான சிவப்பு, ரத்தக்குழாய்க் கோடுகள் மங்கல். 2-இல் கோடுகளே தெரியாது, தொட்டால் கசியும், மேலோட்டமான புண் இருக்கும். 3-இல் தானாகவே ரத்தம், ஆழமான புண். இதில் 0-க்கும் 1-க்கும் நடுவில்தான் குழப்பம் எல்லாம். ஒரே வீடியோவைப் பார்த்து ஒரு டாக்டர் 0 என்பார், இன்னொருவர் 1 என்பார். ஒளியை மாற்றிப் பார்ப்பது உதவுவது இந்த இடத்தில்தான். வெள்ளை ஒளியில் 'கோடு தெரிகிறது, நார்மல்' என்று தோன்றும் இடத்தில், நீல ஒளியில் நுண்குழாய்கள் விரிந்தும் கலைந்தும் நெருங்கியும் கிடப்பது தெரியும்.

இதை அளப்பதற்கென்றே பிக்காசோ என்று ஒரு மதிப்பெண் முறை வந்திருக்கிறது. மரியெட்டா இயாகுச்சி என்ற மருத்துவரின் குழு 2017-இல் வெளியிட்டது. ஐ-ஸ்கேன் ஒளியில் சளிச்சவ்வின் மேற்பரப்பையும் ரத்தக்குழாய் அமைப்பையும் தனித்தனியாக மதிப்பிட்டுக் கூட்டுவார்கள். 2021-இல் 11 மையங்களில் 307 நோயாளிகளிடம் சோதித்தார்கள். கூட்டல் 3 அல்லது அதற்குக் கீழே இருந்தால் பயாப்ஸியும் பெரும்பாலும் ஆறியதாகவே இருந்தது. அடுத்த 6, 12 மாதங்களில் யாருக்கு நோய் கிளம்பும் என்பதையும் ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடிந்தது.

இதற்கும் மேலே போனால் எண்டோசைட்டோஸ்கோபி, 520 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். கான்ஃபோக்கல் லேசர் எண்டோஸ்கோபியில் ஃப்ளோரசீன் சாயத்தை ரத்தத்தில் செலுத்தி, குடல் சுவரின் செல்களையே அங்கேயே பார்க்கிறார்கள். ஆராய்ச்சிக்கு அருமை. உங்கள் தம்பிக்கு இன்றைக்கு அது தேவையில்லை.

சென்னை போக வேண்டுமா என்றால், என் கருத்தில் வேண்டாம். நவீன ஒளி எதற்காக? பயாப்ஸியில் வரப்போவதைக் கண்ணாலேயே ஊகிக்க. உங்களுக்குத்தான் பயாப்ஸியே கையில் வந்துவிட்டதே! அடுத்த முறை உள்ளூரிலேயே, அந்த பட்டனை அழுத்திப் பார்க்கச் சொல்லி, சந்தேகமான இடத்தில் குறிபார்த்துச் சதை எடுக்கச் சொல்லுங்கள். இப்போதைக்கு மலத்தில் கால்புரொடெக்டின் (குடலில் அழற்சி இருந்தால் கூடும் புரதம்) டெஸ்ட் ஒன்று பாருங்கள், போதும்.

ஸ்லைடு எழுதியது:

பேத்தாலஜி லேபில் இருப்பவள் நான். கோரையாறு அக்காவின் ரிப்போர்ட்டில் 'சுரப்பிகளுக்குள் நியூட்ரோஃபில்' என்ற வரி ரொம்ப முக்கியம். லிம்ஃபோசைட், பிளாஸ்மா செல் என்ற எதிர்ப்பு அணுக்கள் குடலில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். பழைய கொலைடிஸ் உள்ளவர்களுக்குச் சுரப்பிகள் கோணல்மாணலாக இருப்பதும் சகஜம், அது பழைய தழும்பு. நியூட்ரோஃபில் அப்படியல்ல, அது இருந்தால் இன்றைக்கும் அங்கே சண்டை நடக்கிறது என்று பொருள். பயாப்ஸியில் தெரியும் அழற்சியை அளக்க 2017-இல் வந்த நான்சி அளவுகோல் 0 முதல் 4 வரை போகும். 0-வும் 1-ம் ஆறிய நிலை, நியூட்ரோஃபில் தலைகாட்டினால் 2-க்குப் போய்விடும்.

எங்கள் பக்கத்தில் நடப்பதையும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு டப்பாவில் எட்டு துண்டு சதை வரும். எது மலக்குடல், எது அதற்கு மேலே, ஒன்றும் எழுதியிருக்காது. விண்ணப்பத்தில் 'பெருங்குடல் பயாப்ஸி' என்று இரண்டே வார்த்தை. என்ன நோய், என்ன மருந்து, எத்தனை வருடமாக, ஸ்கோப்பில் என்ன தெரிந்தது, எதுவும் இல்லாமல் ஸ்லைடைப் பார்த்தால் 'குறிப்பற்ற அழற்சி' என்றுதான் எழுத முடியும். அதை வாங்கிக்கொண்டு போய் நோயாளி என்ன செய்வார்? தயவுசெய்து எடுத்த இடத்துக்கு ஒரு டப்பா என்று தனித்தனியாக ஃபார்மலினில் போட்டு, இடத்தின் பெயரை ஒட்டச் சொல்லுங்கள். இதற்கு நவீன ஸ்கோப் வேண்டாம், ஒரு பேனா போதும்.

பாமணிப் பெரியவர் எழுதியது:

தம்பிகளே, தங்கச்சிகளே, நான் மன்னார்குடி. எனக்கு இருப்பது க்ரோன்ஸ் என்ற இன்னொரு குடல் அழற்சி நோய், சிறுகுடலின் கடைசிப் பகுதியில். முதலில் குடல் டி.பி. என்றுதான் மருந்து கொடுத்தார்கள். நம் நாட்டில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால் டாக்டர்களுக்கே பிரிப்பது கஷ்டம் என்று பிற்பாடு புரிந்தது. டி.பி. மருந்தில் ஸ்கோப்பில் பார்த்த புண் ஆறவில்லை, அதிலிருந்துதான் க்ரோன்ஸ் என்று முடிவுக்கு வந்தார்கள்.

நான் கேட்பது, இங்கே பேசும் ஒளியெல்லாம் என் மாதிரி ஆட்களுக்கும் உதவுமா?

குடல்நலம் எழுதியது:

ஐயா, ஓரளவுக்குத்தான். அல்சரேட்டிவ் கொலைடிஸ் குடலின் உள்மேல்பரப்பில் இருக்கும் நோய், அதனால் ஒளியால் பார்க்க முடிகிறது. க்ரோன்ஸ் குடல் சுவரின் முழுக் கனத்துக்கும் இறங்கும். மேலே பளபளவென்று ஆறியிருக்க, சுவர் தடித்தே கிடக்கும். எந்த நிற வெளிச்சமும் சுவருக்குள்ளே போய்ப் பார்க்காது. உங்களுக்குக் குடல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர். என்டரோகிராஃபி (எம்.ஆர்.ஐ. முறையில் குடலைப் படமெடுப்பது) பொருத்தம். அல்ட்ராசவுண்டில் சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் அழற்சி இருப்பதாகச் சந்தேகப்படுவோம். பேதி மருந்து வேண்டாம், மயக்கம் வேண்டாம், கதிர்வீச்சு இல்லை, நினைத்தபோது திரும்பச் செய்யலாம். பழகிய கை வேண்டும், அது ஒன்றுதான் குறை. டெல்டாவின் ஒவ்வொரு ஊரிலும் ஸ்கேன் சென்டர் இருக்கிறது. குடலைப் பார்க்கக் கற்ற ரேடியாலஜிஸ்ட் மாவட்டத்துக்கு ஒருவர் கிடைத்தால் எவ்வளவோ பேருக்கு அலைச்சல் மிச்சமாகும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆதங்கம்.

கடைமடைக்காரன் எழுதியது:

டாக்டர் சார், நிதானமாகப் பதில் சொன்னதற்கு நன்றி. பயாப்ஸியில் அழற்சி இருந்தால் உடனே விலை கூடிய ஊசிக்கு மாற்றிவிடுவார்களோ என்பதுதான் என் பயம். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு அப்படிச் சொல்லி, வீட்டில் நகையை அடகு வைத்தார்கள்.

குடல்நலம் எழுதியது:

அந்தப் பயம் வேண்டாம். உலக அளவில் நிபுணர்கள் கூடி 2021-இல் வெளியிட்ட ஸ்ட்ரைட்-2 பரிந்துரை இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஸ்கோப்பில் ஆற வேண்டும் என்பது இலக்கு. அல்சரேட்டிவ் கொலைடிஸில் மைக்ரோஸ்கோப் அளவில் ஆறுவது நல்ல அடையாளம்தான், ஆனால் கட்டாய இலக்கு அல்ல. நோயாளி நன்றாக இருந்து, ஸ்கோப்பும் 0 என்று இருந்தால், பயாப்ஸியில் நாலு நியூட்ரோஃபில் தெரிந்ததற்காக மட்டும் நான் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற அந்த விலை கூடிய ஊசியை எழுத மாட்டேன். முதலில் இருக்கிற மருந்தை ஒழுங்காக எடுக்கிறாரா என்று பார்ப்பேன். மெசலமின் அளவு போதுமா, எனிமா சேர்க்கலாமா என்று பார்ப்பேன். வாயால் சாப்பிடும் மெசலமினோடு கீழே வைக்கும் எனிமாவும் சேர்ந்தால், இடது பக்கக் குடலுக்குத் தனி மாத்திரையைவிட நல்ல பலன் உண்டு. கூச்சத்தில் பாதிப்பேர் அதைச் செய்வதில்லை.

கோரையாறு அம்மா, தம்பி இடுப்பு வலி, கைகால் வலிக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா?

கோரையாறு எழுதியது:

சாப்பிடுகிறான் டாக்டர். நாற்று பறிக்கிற நாள், வரப்பு வெட்டுகிற நாள் எல்லாம் மெடிக்கலில் கேட்டு ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்வான். சட்டைப் பையிலேயே அட்டை இருக்கும். டைக்ளோஃபினாக் என்று அட்டையில் இருக்கிறது. இதற்கும் குடலுக்கும் சம்பந்தம் உண்டா?

குடல்நலம் எழுதியது:

நிறையவே உண்டு. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் குடலைத் தாமாகவே புண்ணாக்கும், கொலைடிஸ் உள்ளவர்களுக்கு நோயைக் கிளப்பியும் விடலாம். கால்புரொடெக்டினையும் ஏற்றிக் காட்டும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். அந்த அட்டையை இன்றைக்கே வாங்கிவிடுங்கள். கொஞ்ச வாரம் போகட்டும், பிறகு மல டெஸ்ட் கொடுங்கள். ஒரு கிராம் மலத்தில் 100 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் நிம்மதி, 250-க்கு மேலே என்றால் அழற்சி இருக்கிறது என்றே எடுக்க வேண்டும், நடுவில் வந்தால் திரும்பப் பார்க்க வேண்டும். அசதயோபிரின் சாப்பிடுவதால் ரத்த அணுக்கள் டெஸ்டையும் விட்டுவிடாதீர்கள். நம் ஆசியர்களில் சிலருக்கு நட்-15 (NUDT15) என்ற மரபணுவில் உள்ள வேறுபாட்டால் வெள்ளணுக்கள் சட்டென்று இறங்கிவிடும்.

ஸ்கோப்ரூம் எழுதியது:

இன்னொரு விஷயம் விட்டுப்போனது. நோய் வந்து 8 வருடம் ஆனவர்கள் இந்த ஒளி சமாச்சாரத்தைக் கட்டாயம் கேட்க வேண்டும். பெருங்குடல் கொலைடிஸ் பல வருடம் இருந்தால் புற்றுநோய் வாய்ப்பு கூடுவதால், அந்தக் கட்டத்திலிருந்து கண்காணிப்புக் கொலனோஸ்கோபி தொடங்கச் சொல்வார்கள். அதில் இண்டிகோ கார்மைன் என்ற நீலச் சாயத்தைக் குடல் முழுக்கத் தெளித்து, மேடுபள்ளத்தில் சாயம் தேங்குவதைப் பார்த்துத் தட்டையான கட்டிகளைக் கண்டுபிடிப்பார்கள். நேரம் பிடிக்கும் வேலை. காலையில் பத்து நோயாளி வரிசையில் இருந்தால் யாருக்கும் பொறுமை இருக்காது. அதனால் முன்கூட்டியே 'கண்காணிப்புக்காக வருகிறேன்' என்று சொல்லி, கூட்டம் குறைந்த நாளில் நேரம் வாங்குங்கள்.

ஸ்லைடு எழுதியது:

கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லும் காலமும் வந்துகொண்டிருக்கிறது. 2020-இல் டோக்கியோவில் 40,000-க்கு மேற்பட்ட ஸ்கோப் படங்களைக் காட்டிப் பழக்கிய செயற்கை நுண்ணறிவு, பயாப்ஸி எடுக்காமலே மைக்ரோஸ்கோப் அளவில் ஆறியிருக்கிறதா என்பதைப் பத்தில் ஒன்பதுக்கு மேல் சரியாகச் சொன்னது. நிபுணர் இல்லாத நம் மாதிரி ஊர்களுக்குத்தான் இது முதலில் வர வேண்டும் என்பேன். பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணால் பார்க்க ஆள் இருக்கிறது, இங்கேதான் இல்லை.

கோரையாறு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வலி மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது. நடவு முடிந்ததும் கால்புரொடெக்டின் கொடுத்தோம், நூற்றுச் சொச்சம் வந்தது. டாக்டர் மருந்தை மாற்றவில்லை. மெசலமினை விடாமல் சாப்பிடச் சொல்லி, ராத்திரி படுக்கும் முன் எனிமா சேர்த்திருக்கிறார். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிவிட வேண்டுமாம். முதலில் முகத்தைச் சுளித்தான், இப்போது அவனே வைத்துக்கொள்கிறான். மாத்திரையை நிறுத்தும் பேச்சே இல்லை. திரும்ப மல டெஸ்ட் செய்ததில் நூற்றுக்குக் கீழே வந்துவிட்டது.

தஞ்சாவூர் மெஷினில் அந்த பட்டன் இருக்கிறதாம்! டாக்டரிடமே கேட்டேன். அடுத்த முறை அதில் பார்ப்பதாகவும், இடம் இடமாகத் தனி டப்பாவில் சதை அனுப்புவதாகவும் சொன்னார். கேட்டதற்கு அவர் கோபித்துக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன், நம்மில் பலர் அந்தத் தயக்கத்தில்தான் கேட்காமல் வந்துவிடுகிறோம்.

ஸ்கோப்ரூம் எழுதியது:

சந்தோஷம் அக்கா. படங்களை மட்டும் பென்டிரைவில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தாளில் அச்சடித்த படத்தில் ரத்தக்குழாய்க் கோடு ஒன்றும் தெரியாது. அடுத்த டாக்டர் ஒப்பிட வேண்டுமானால் ஒரிஜினல் வேண்டும். ஒரே இடத்தை வெள்ளை ஒளியில் ஒன்று, நீல ஒளியில் ஒன்று என்று எடுத்திருந்தால் இன்னும் நல்லது.

கடைமடைக்காரன் எழுதியது:

நானும் கால்புரொடெக்டின் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். எங்கள் ஊரில் லேப் இல்லை, நாகப்பட்டினம் கொண்டுபோக வேண்டும். இந்த வெயிலில் பஸ்ஸில் எடுத்துப்போனால் கெட்டுவிடாதா?

ஸ்லைடு எழுதியது:

கெடாது அண்ணா. கால்புரொடெக்டின் அவ்வளவு சீக்கிரம் சிதையாத புரதம். லேபில் கொடுக்கும் மூடி போட்ட டப்பாவில் காலையில் முதலில் போவதை எடுங்கள், கொட்டைப்பாக்கு அளவு போதும். சிறுநீர் கலக்கக் கூடாது. பையில் ஐஸ் பேக் ஒன்று வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். அன்றைக்கு முடியாவிட்டால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து மறுநாள் கொடுக்கலாம். கொலனோஸ்கோபி வைத்திருந்தால் பேதி மருந்து குடிப்பதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள். டப்பாவில் பெயரும் தேதியும் எழுத மறக்காதீர்கள்.